வீட்டுக் காவலும் திறந்த வாயிலும்

[நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு]



இச்சபையில் யாம் பேச நேர்ந்தபோதெல்லாம் தமிழ் நூல்களைப் பற்றியே பேசி வந்துள்ளோம். இவ்வாண்டு, இணையத்தோடு பிணைக்கப்பெற்ற வீட்டுச் சாதனங்களால் விளையும் தீங்குகளைக் குறித்துப் பேசவேண்டும் எனக் காரியதரிசியார் பணித்தபோது யாம் முதலில் மறுத்தோம். எழுத்தும் சொல்லும் பொருளும் கற்பித்துக் காலங்கழிக்கும் தமிழாசிரியனுக்கு இவ்விஷயத்தில் என்ன உரிமை உளது? பொறியியல் கற்ற இளைஞர் நம்முட் பலர் இருக்கின்றனரே என்றோம். அதற்கு அவர், "ஐயா, அவர்கள் பேசினால் எங்களுக்கு விளங்குவதில்லை. தாங்கள் ஏமாந்த கதையை எம்மிடம் சொன்னீர்கள் அல்லவா? அதனையே சபையிற் சொன்னாற் போதும்" என்றார். ஏமாந்தவன் என்னும் தகுதி ஒன்றே எமக்கு உண்டாதலின், அத்தகுதி பற்றியே ஈண்டு நிற்கின்றோம். எமக்குத் தெரியாதனவற்றை எம்பாற் கற்ற மாணாக்கரிடமே கேட்டுத் தெரிந்து வந்துள்ளோம்.

மற்றுமொரு காரணமும் உண்டு. நம் சங்கத்தின் மாணவியர் விடுதியில் கண்காணிப்புக் காமிராக்கள் அமைத்தல் வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் கொணரப்பெற்று, அடுத்த மாதக் கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது. அதனை முடிவு செய்யுமுன் நீங்கள் அறியவேண்டுவன சில உள.

முதலில் எம் கதையைக் கூறுவோம். எம் அன்னையார்க்கு வயது எண்பதைக் கடந்தது. கிராமத்து வீட்டை விட்டு வர அவர் இசையவில்லை. யாமோ பள்ளி வேலையை விட்டு அங்கே சென்றிருத்தல் இயலாது. ஆதலின், அவர் படுக்கும் கூடத்தில் ஒரு காமிரா வைத்துச் செல்பேசி வாயிலாக அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம் எனக் கருதினோம். விலை மலிந்த ஒன்றை வாங்கினோம். பொருத்த வந்தவர் அரைமணி நேரத்தில் வேலையை முடித்துப் பணம் பெற்றுச் சென்றார். அன்று முதல் நாள்தோறும் அன்னையார் முகத்தைக் கண்டு மகிழ்ந்திருந்தோம்.

ஓராண்டு கழிந்தபின், எம்மிடம் பயின்று இப்பொழுது கணினித் துறையில் வேலை பார்க்கும் மாணாக்கர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்தார். யாம் பெருமிதத்தோடு அக்காமிராவைப் பற்றிக் கூறினோம். அவர், "ஐயா, இதன் கடவுச்சொல்லை மாற்றினீர்களா?" என்று வினவினார். அப்படி ஒன்று இருப்பதே எமக்குத் தெரியாது. அவர் எம் அனுமதி பெற்று, காமிராவுடன் வந்த சிறு புத்தகத்தை நோக்கி, அதில் அச்சிட்டிருந்த பெயரையும் எண்ணையும் தம் செல்பேசியில் இட்டார். எம் செல்பேசியை அவர் தொடவேயில்லை. சில நிமிஷங்களில் எம் அன்னையார் கூடத்தில் அமர்ந்து, குளித்த தலையை ஆற்றிக்கொண்டிருக்கும் காட்சி அவர் கையகத்தே தோன்றியது. அவர் உடனே செல்பேசியைக் கவிழ்த்து வைத்தார். யாம் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புத்தகம் எமக்கு மட்டும் அச்சிடப்பட்டதன்று. அவ்வகைக் காமிரா வாங்கிய அனைவரிடமும் அதே புத்தகமே இருக்கும். வாங்காதவரும் இணையத்தில் அதனைத் தேடிப் படித்துக்கொள்ளலாம். ஓராண்டுக் காலம் எத்துணைப் பேர் எம் வீட்டினுள் நோக்கினர் என்பதை இன்றும் யாம் அறியோம். அன்னையாரிடம் இதனைச் சொல்லும் துணிவும் எமக்கு இன்னும் வரவில்லை.

இஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இக்காலத்து வீட்டுக் காமிரா, தொலைக்காட்சி, வாயில் மணி, பேச்சுக்கு விடை கூறும் ஒலிப்பெட்டி, செல்பேசியால் ஏற்றி அணைக்கும் விளக்கு ஆகிய ஒவ்வொன்றினுள்ளும் ஒரு சிறு கணினி அமைந்துள்ளது. மேசைமேல் இருக்கும் கணினியைக் கணினி என்று அறிந்து நாம் காக்கின்றோம். சுவரில் இருப்பதைச் சுவர்க் கடிகாரம் போலக் கருதி மறந்துவிடுகின்றோம். வீட்டிலுள்ள வைஃபைப் பெட்டியாகிய ரவுட்டரின் வழியே இவை உலகத்தோடு தொடர்பு கொள்கின்றன. வெளியூரிலிருந்து நாம் பார்ப்பதற்கென ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்து வைக்கும் வழக்கம் உண்டு. எம் வீட்டிலும் பொருத்த வந்தவர் அவ்வாறே செய்திருந்தார். நமக்கெனத் திறந்த அவ்வாயிலில் பிறரும் வந்து நின்று தட்டலாம். உட்புகாமல் தடுப்பது கடவுச்சொல் ஒன்றே. தொழிற்சாலையில் இட்ட சொல் மாற்றப்படாதிருப்பின், ஊரிலுள்ள பூட்டுகளுக்கெல்லாம் ஒரே திறவுகோல் இருப்பது போலாகும்.

திறந்த வாயில் என்ன செய்யும் என்பதை உலகம் 2016-ஆம் ஆண்டில் கண்டது. அவ்வாண்டின் ஆகஸ்டு மாதத்தில் 'மிராய்' என்னும் ஒரு தீய மென்பொருள் வெளிப்பட்டது. ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்கு எதிர்காலம் என்பது பொருள். அது செய்த வேலை மிக எளியது. இணையத்தில் உள்ள முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். திறந்த வாயில் ஏதேனும் அகப்பட்டால், தன்னிடமுள்ள அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர் கடவுச்சொல் இணைகளை இட்டுப் பார்க்கும். அவை யாவும் தொழிற்சாலைகளில் பொதுவாக இடப்படும் சொற்களே. ஒன்று பொருந்தினால் உட்புகும். புகுந்தபின் தான் வந்த வாயிலைத் தானே அடைத்துக்கொள்ளும். தனக்கு முன்னரே புகுந்திருக்கும் வேறு தீய மென்பொருள்களை வெளியேற்றவும் செய்யும். பின் அச்சாதனத்தைக் கொண்டே வேறு வீடுகளைத் தட்டத் தொடங்கும்.

அறுபது சொற்களே கொண்டு அது பிடித்த சாதனங்கள் எத்துணை தெரியுமா? உச்ச நிலையில் ஏறத்தாழ 6,00,000 என்று பின்னர் ஆராய்ந்தோர் கணக்கிட்டனர். காமிராக்களும், காமிராப் பதிவுப் பெட்டிகளும், ரவுட்டர்களுமே அவற்றுட் பெரும்பாலன. இவை அனைத்தும் ஒருங்கே ஒரு தளத்தை நோக்கி வேண்டாத செய்திகளை அனுப்பினால் அத்தளம் மூச்சுத் திணறி வீழும். ஒரு கடையின் வாயிலில் வாங்க வராத பல்லாயிரவர் வந்து நெருக்கி நின்றால், வாங்க வந்தவர் உட்செல்ல இயலாமை போல்வது என்க.

2016 செப்டம்பரில் இணையக் குற்றங்களை எழுதி வெளிப்படுத்தும் பிரையன் கிரெப்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரின் தளம் இவ்வாறு தாக்கப்பட்டது. அம்மாத இறுதியில் மிராயின் மூலநிரல் யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்பட்டது. அக்டோபர் 21-ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள 'டின்' என்னும் நிறுவனம் தாக்கப்பட்டது. இணையத் தளங்களின் பெயருக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தருவது அந்நிறுவனத்தின் தொழில். முகவரிப் புத்தகமே தடுமாறியபடியால், டுவிட்டர், நெட்பிளிக்ஸ், ஸ்பாட்டிஃபை முதலிய பெருந்தளங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர்க்குப் பல மணி நேரம் கிட்டாமற் போயின.

இத்தாக்குதல்கள் நடந்தபோது, அவற்றிற் பங்குகொண்ட காமிராக்களின் உடைமையாளர் என்ன செய்துகொண்டிருந்தனர்? தம் கடையிலும் வீட்டிலும் வழக்கம்போல் இருந்தனர். காமிரா வழக்கம்போற் படம் காட்டிற்று. தம் சுவரில் இருக்கும் பொருள் வேறொரு நாட்டில் ஒருவரைத் தாக்குகின்றது என்பதை அவர்கள் அறியவில்லை. மிராயைப் படைத்தவர் பெரும்படை கொண்ட பகையரசரும் அல்லர். இருபது, இருபத்தொன்று வயதினராகிய மூன்று அமெரிக்க இளைஞர் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். இணைய விளையாட்டுத் தளங்களை நடத்துவோர்க்கிடையே இருந்த போட்டியே அவர்களை இதிற் புகுத்திற்று. டின் நிறுவனத்தைத் தாக்கியவர் அவர்கள் அல்லர். வெளியிடப்பட்ட நிரலை எடுத்துக்கொண்ட பிறர். விளையாட்டாகச் செய்த கருவி, செய்தவர் கையை விட்டும் அகன்று ஊரைச் சுட்டது.

வள்ளுவனார் பொருட்பாலில் 'அரண்' என ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, 'உட்பகை' எனவும் ஓர் அதிகாரம் வகுத்தார். யாம் இவ்வதிகாரங்களைப் பல்லாண்டுகளாகப் பாடஞ் சொல்லியிருக்கின்றோம். அரணாக வாங்கி வைத்த பொருளே உட்பகையாக நிற்றல் கூடும் என்பதை எம் வீட்டுக் கூடத்திலேதான் கற்றோம்.

இனி, நம் நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். தாய்மார்கள் பொறுத்தருள வேண்டும். 2025 பிப்ரவரியில், குஜராத்து மாநிலத்து இராஜ்கோட் நகரில் உள்ள ஒரு மகப்பேற்று மருத்துவமனையின் காமிராப் பதிவுகள் களவாடப்பட்டு இணையத்தில் விலைக்கு விடப்பட்டமை வெளிப்பட்டது. அவை மகளிர் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டபோது பதிந்த காட்சிகள். போலீசார் வெவ்வேறு மாநிலங்களிற் பலரைக் கைது செய்தனர். ஆனால் ஒருமுறை பரவிய காட்சியை மீட்டுத் தரப் போலீசாராலும் இயலாது. அம்மகளிர் செய்த பிழை யாது? மருத்துவரை நாடி வந்தமை ஒன்றே. அவ்வறையிற் காமிரா வைக்கலாகாது என்று அங்கிருந்த ஒருவர் சொல்லியிருப்பின் அத்தீங்கு நேர்ந்திராது. கடவுச்சொல்லைப் பற்றி எண்ணுமுன், காமிரா அவ்விடத்தில் வேண்டுமா என்று எண்ணுதலே முதற் காவல்.

குழந்தைகளின் விளையாட்டுப் பொருளும் இதற்கு விலக்கன்று. 'கெய்லா' என்னும் பேசும் பொம்மை ஒன்று, குழந்தையின் வினாவைக் கேட்டு இணையத்தில் விடை தேடிக் கூறும். அருகில் இருக்கும் எவரும் தம் செல்பேசியை அதனோடு இணைத்துக் குழந்தையின் பேச்சைக் கேட்கலாம் எனத் தெரிந்தபின், ஜெர்மனி நாட்டின் அதிகாரிகள் 2017 பிப்ரவரியில் அதனை மறைவாக ஒற்றுக் கேட்கும் கருவி எனக் கொண்டு விலக்கினர். வாங்கிய பெற்றோர் அதனைச் செயலிழக்கச் செய்யவேண்டும் என்றும் அறிவித்தனர்.

இவற்றைக் கேட்ட நண்பர் சிலர் எம்மிடம் இரண்டு வினாக்களை எழுப்பினர். "எம் வீட்டிற் கள்வன் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது?" என்பது ஒன்று. கள்வன் உம் வீட்டுக் காட்சியை நாடி வருதல் வேண்டும் என்பதில்லை. உம் காமிராவின் உழைப்பே அவனுக்குப் போதும் என்பதை மிராய் காட்டிற்று. மேலும், வீட்டில் ஆள் இல்லாத நேரம் எது என்பதும் ஒரு செய்தியே. "அரசாங்கம் இதனைப் பார்த்துக்கொள்ளாதா?" என்பது மற்றொன்று. பார்க்கத் தொடங்கியுள்ளது. எல்லாச் சாதனத்திற்கும் ஒரே கடவுச்சொல் இடுதலைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் விலக்கிற்று. இந்திய அரசும், கண்காணிப்புக் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பின்னரே விற்பனைக்கு வரவேண்டும் என்னும் விதியை 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. இவை நல்லனவே. ஆயினும் முன்னரே நம் சுவரில் ஏறிவிட்ட காமிராவைச் சட்டம் வந்து மாற்றாது. நாமே மாற்றவேண்டும்.

செய்யத்தக்கன யாவை? எம் மாணாக்கர் சொல்லிக் கொடுத்து, எம் வீட்டில் யாம் செய்தவற்றையே கூறுவோம். சாதனத்தின் கடவுச்சொல்லையும் ரவுட்டரின் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றினோம். பிறந்த நாளும் பிள்ளை பெயரும் இடாமல், தொடர்பற்ற நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தொடுத்து நீண்டதாக அமைத்தோம். பொருத்த வந்தவர் ரவுட்டரில் திறந்து வைத்திருந்த வாயிலை மூடச் செய்தோம். சாதனத்தின் மென்பொருளைப் புதுப்பிக்க முயன்றோம். அதனைச் செய்தவர்கள் புதுப்பித்தல் அனுப்புவதை நிறுத்திவிட்டனர் எனத் தெரிந்தது. ஆதலின் அக்காமிராவைக் கழற்றி, எத்துணை ஆண்டு புதுப்பித்தல் தருவோம் என வெளிப்படக் கூறும் வேறொன்றை வாங்கினோம். அதனைக் கூடத்தில் வையாது, வாயிலை நோக்கி வைத்தோம். அன்னையாரை நாள்தோறும் இருமுறை தொலைபேசியில் அழைத்துப் பேசுகின்றோம். அவருக்கு இதுவே மகிழ்ச்சி.

மின்னிணைப்பை எடுத்துவிட்டு மீண்டும் இட்டாற் போதும் எனச் சிலர் கூறுவர். மிராய் சாதனத்தின் தற்காலிக நினைவிலே மட்டும் தங்குவதாகலின் மின்னிணைப்பை எடுத்தால் நீங்கும் என்பது மெய்யே. ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருப்பின், மறுபடியும் இணைத்த சில நிமிஷங்களிலேயே மீண்டும் புகுந்துவிடும். வேறு சில தீய மென்பொருள்கள் மின்னிணைப்பை எடுத்தாலும் போகா. ஏற்கெனவே தீங்கு நேர்ந்தோர் நாணி மறைத்தல் வேண்டா. 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் இணையக் குற்றப் பிரிவினர் முறையீட்டைப் பெறுவர்.

இப்பொழுது விடுதிக்கு வருவோம். பிள்ளைகளைக் காத்தல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாலேயே அத்தீர்மானம் கொணரப்பட்டது என்பதை யாம் அறிவோம். வெளியூர்களினின்றும் தம் பெண்மக்களை நம்மை நம்பி அனுப்பிய பெற்றோர்க்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். அக்கடமை கருதியே பின்வருவனவற்றை விண்ணப்பிக்கின்றோம். காமிராக்கள் வெளிவாயிலிலும் சுற்றுமதிலிலும் மட்டுமே அமைதல் வேண்டும். உறையுளிலும், உண்ணும் கூடத்திலும், குளியலறைக்குச் செல்லும் நடையிலும் ஒருகாலும் கூடாது. மலிவு ஒன்றையே நோக்கி வாங்காது, அரசின் சோதனையில் தேறியதையே வாங்குதல் வேண்டும். பதிவுகள் விடுதிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். நிர்வாகிகள் தத்தம் செல்பேசியிற் பார்க்கும் வழக்கம் வேண்டா. கடவுச்சொல் விடுதிக் காப்பாளர் அம்மையாரிடமும் காரியதரிசியாரிடமும் மட்டும் இருத்தல் வேண்டும். பொருத்தியவர் சென்றவுடன் அதனை மாற்றுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் முன்னதாக, அங்கே வாழும் மாணவியரை அழைத்து அவர்தம் கருத்தைக் கேட்டல் வேண்டும். யாரைக் காக்கின்றோமோ அவரைக் கேளாது அமைக்கும் காவல் எம் அன்னையார் கூடத்தில் யாம் வைத்த காமிராவைப் போன்றதே. அவரையும் யாம் கேட்கவில்லை.

மற்றுமொரு வேண்டுகோள். நம் வீடுகள் பலவற்றில் மக்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்க, முதியோர் தனித்து வாழ்கின்றனர். அவர்கள் சுவரிலும் பிள்ளைகள் அன்போடு அனுப்பிய காமிராக்கள் இருக்கின்றன. பொறியியல் கற்ற நம் இளைஞர் பதின்மர் முன்வந்து, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகச் சென்று, அவரவர் கண்முன்னே கடவுச்சொற்களை மாற்றித் தருவாராயின் அது பெரிய அறமாகும். மாற்றிய சொல்லை இளைஞர் குறித்துக்கொள்ளல் ஆகாது. வீட்டாரே கையால் எழுதி வைத்துக்கொள்க. அண்டை வீட்டார் நம் மரபினர் அல்லர் என்று அவ்வீட்டைக் கடந்து செல்லவும் வேண்டா. திறந்த வாயில் ஒரு தெருவில் ஒன்று இருப்பினும், அதனால் வரும் தீங்கு மரபு பார்த்து வருவதில்லை. நம் முன்னோர் இச்சங்கத்தைக் கண்டது நாம் மட்டும் வாழ்வதற்கு அன்று. நம்மாற் பிறர்க்குத் தீங்கு நேராமல் வாழ்வதற்கும் ஆம்.

இன்று வீடு சென்றதும் உணவு உண்ணுமுன், உங்கள் சுவரில் இருப்பதைப் பொருத்தியவர் இட்ட சொல் இன்னும் மாறாதிருக்கின்றதா என ஒருமுறை பார்த்திடுக. மாறாதிருப்பின், எம் மாணாக்கர் எம்மைக் கண்டித்தது போல யாமும் உங்களைக் கண்டித்ததாகக் கொள்க.

வாழிய நம் சங்கம்! வாழிய அனைவரும்!